கார்க்கானா நிறுத்தத்தில் பத்து நிமிடம்

மாலை மணி நாலு பன்னிரண்டு. பேருந்தில் ஓட்டுநரின் தலைக்கு மேலே இருந்த சிவப்பு எண் கடிகாரத்தில் பார்த்தேன். அதற்கு முந்தைய நொடி நான் பார்த்தது என் இடது கையை. அது முன் இருக்கையின் கம்பியைப் பிடித்திருந்தது. பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன், பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. செகந்திராபாத்திலிருந்து திருமுல்கேரிக்கு நான் தினமும் வீடு திரும்பும் பேருந்து. முன்பாதி முழுக்கப் பெண்கள். கண்டக்டர் அம்மாள் அவர்களுக்கு இலவசப் பயணத்துக்கான ஜீரோ டிக்கெட் கிழித்துக் கொடுத்தபடி பின்னால் வந்துகொண்டிருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. காற்று முகத்தில் பட்டது, உள்ளே போகவில்லை. நெஞ்சில் அடிக்க வேண்டியது கழுத்தில் அடித்தது. அடுத்து தாடை மரத்தது.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பதினாறு வருடம் பத்திரிகை அலுவலகத்தில் செய்தி திருத்திவிட்டு, பாடநூல் அச்சிடும் ஒரு நிறுவனத்தில் மெய்ப்புப் பார்க்க வந்தவன். பேருந்தில் பயணி திடீர் மரணம் என்ற மூன்று வரிச் செய்தியை எத்தனையோ முறை பக்கத்தின் அடியில் போட்டிருக்கிறேன். அந்த மூன்று வரியும் அப்போது மனதில் வரிசையாக வந்தன. பெயர், வயது, உடல் எந்த மருத்துவமனையில் வைக்கப்பட்டிருக்கிறது.

நான் சிகரெட்டை நிறுத்தி அன்றோடு ஒன்பதாவது நாள்.

ஏன் நிறுத்தினேன் என்று சொல்லிவிடுகிறேன். மகளுக்கு வீசிங். நான் பால்கனியில்தான் பிடிப்பேன், கதவைச் சாத்திவிட்டுத்தான் பிடிப்பேன். ஆனாலும் அது என் சட்டையோடு உள்ளே வந்தது. ஒரு கட்டத்தில் மனைவி தன் வங்கியில் கோயம்புத்தூருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு மகளோடு போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. சண்டை என்றாலாவது சமாதானம் என்று ஒன்று இருக்கும். தீபாவளிக்கு இருவரும் வந்தார்கள். வீட்டைக் கழுவிவிட்டு, படுக்கை விரிப்பெல்லாம் துவைத்து வைத்திருந்தேன். திரைச்சீலைகளை மறந்துவிட்டேன். மறுநாள் காலை மகள் முகத்தில் நெபுலைசர் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். மதியம் ரயில் ஏறிவிட்டார்கள்.

பிளாட்பாரத்தில் மனைவி குரலை உயர்த்தாமல் சொன்னாள். "ஏப்ரல்ல லீவு விட்டதும் வர்றோங்க. அதுக்குள்ள நிறுத்திருங்க. இல்லைன்னா கூட்டிட்டு வரமாட்டேன். இவளை இப்படிப் பார்க்க என்னால முடியலை."

மகளுக்குப் பதினொரு வயது. இங்கே பள்ளியில் படித்தபோது ஒட்டிக்கொண்ட வார்த்தையை அவள் இன்னும் விடவில்லை. "சிகரெட் நக்கோப்பா" என்றாள். வேண்டாம் என்று. அவ்வளவுதான். நான் நிறுத்திய நாளிலிருந்து தினமும் மாலை ஏழு மணிக்கு போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "எத்தனை நாள்?" நான் எண்ணைச் சொல்வேன். "சரி" என்று வைத்துவிடுவாள்.

அந்த போனைத் தவிர வீட்டில் பேச்சு கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் கேன் போடுகிறவரிடம் "ரெண்டு" என்று சொல்வதோடு என் பேச்சு முடிந்துவிடும். சிகரெட் இருந்தவரை இது உறைக்கவில்லை. பால்கனியில் சிகரெட்டோடு நிற்கிறவனுக்கு ஏதோ வேலையாக நிற்பதுபோல இருக்கும். கை வெறுமையாக நின்றபோதுதான் தனியாக நிற்கிறோம் என்று தெரிந்தது.

இதற்கு முன்பும் ஐந்து முறை நிறுத்தியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இரண்டாவது வாரத்துக்குள் ஏதாவது ஒரு மாலையில் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். ஒன்று பற்றவைப்பேன். ஐந்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். என் உடம்புக்கு இது மருந்து, விட்டால் ஆபத்து என்று ஐந்து முறையும் அனுபவத்தில் கண்டதாகவே நம்பினேன். வெளியே யாரிடமும் சொன்னதில்லை. படித்தவன் சொல்கிற பேச்சாக அது இல்லை.

ஆறாவது முறைக்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். இந்த ஊரில் சிகரெட்டும் இரானி டீயும் சேர்ந்தே போகும். ஒரு கையில் அது, இன்னொரு கையில் இது. நான் ஒரு கையை மட்டும் காலி செய்தேன். சிகரெட் நினைப்பு வரும்போதெல்லாம் ஒரு டீ. அலுவலகத்துக்கு எதிரே இருந்த இரானி ஹோட்டலில் என்னைக் கண்டாலே கேட்காமல் ஒரு டம்ளர் டீயை ஊற்றிவிடுவார்கள். நல்ல யோசனை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேருந்துக்கு வருகிறேன். கார்க்கானாவில் வண்டி நின்றதும் இறங்கிவிட்டேன். இறங்க வேண்டும் என்று முடிவு செய்ததாக நினைவில்லை. நிறுத்தத்தை ஒட்டி ஒரு பான் டப்பா. சிகரெட், வெற்றிலை, பாக்கு விற்கிற தகரப் பெட்டிக்கடை. தினமும் பேருந்திலிருந்து பார்க்கிற கடைதான். நான் வாயைத் திறக்கும் முன்பே கடைக்காரர் ஒரு சிகரெட்டை எடுத்து நீட்டினார். என் முகத்தில் அது எழுதியிருந்திருக்க வேண்டும். கடையின் ஓரத்தில் கயிற்றில் தொங்கிய லைட்டரைப் பிடிக்கப் போனேன். கயிறு ஆடியது, கையும் ஆடியது. இரண்டும் சேரவில்லை. "ஐயோ, முடியலையே" என்று தமிழில் முனகினேன்.

"என்னண்ணே செய்யுது?"

கடையின் மறுபுறம், மரத்தடியில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த பெண் கேட்டார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையின் நீல நாடா. பேச்சில் மதுரைப் பக்கம். வேறு ஒரு நாளாக இருந்தால், தெருவில் சிகரெட் பிடிக்கிற பெண்ணைத் தேவைக்கு மேல் ஒரு நொடி பார்த்திருப்பேன். அந்தப் பழக்கம் எனக்கு உண்டு. அன்று பார்க்கத் தெம்பில்லை.

"ஹார்ட்" என்றேன். "ஹார்ட் அட்டாக்." பிறகு ஏனோ, "ஒன்பது நாளாச்சு. சிகரெட்டை நிறுத்தி" என்றேன்.

அவர் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு வந்தார். கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கி வெளியே வைத்து, "கைக்கு கடே ஸாப், பைட்டோ பைட்டோ" என்றார். எதற்கு நிற்கிறீர்கள், உட்காருங்கள் என்று. உட்கார்ந்தேன். மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரம் பார்த்தேன். நாலு பத்தொன்பது. அரை நிமிடம் கழித்து மறுபடி பார்த்தேன்.

"சாகப் போறவங்க இப்படி டைம் பார்த்துக்கிட்டு இருக்க மாட்டாங்கண்ணே" என்றார் அந்தப் பெண். எனக்குக் கோபம் வந்தது. கோபப்படுகிற அளவுக்கு உயிர் இருக்கிறதே என்று அடுத்த நொடி தோன்றியது.

"எனக்கும் இது வரும். மூணு வருசமா வருது. முதல் தடவை ஆபீஸ் லிஃப்ட்ல வந்துச்சு. ஊரே கூடிருச்சு. அன்னையிலேர்ந்து லிஃப்ட்ல ஏர்றதில்லை. ஏழு மாடி படியேறிப் போயி, மூச்சு வாங்குதுன்னு மேல நின்னு ஒரு சிகரெட். கூத்தைப் பாருங்க."

நான் மறுபடி லைட்டருக்குக் கையை நீட்டினேன். அவர் தடுக்கவில்லை.

"பத்தவைங்க. வேணாம்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? ஆனா பத்து நிமிசம் கழிச்சுப் பத்தவைங்க. இது தானா ஏறும், தானா இறங்கும். எப்பவும் அப்படித்தான். நீங்க இப்பப் பத்தவச்சா, இறங்குனது சிகரெட்டாலன்னு உங்க மண்டைல பதிஞ்சிரும். எனக்கு அப்படிப் பதிஞ்சதுதான். விட்டா இது வந்துருமோன்னு பயந்துக்கிட்டே விடாம இருக்கேன்."

ஐந்து முறை நானே தனியாகக் கண்டுபிடித்து வைத்திருந்த உண்மையை யாரோ பின்னாலிருந்து பிரித்துக் காட்டியதுபோல இருந்தது.

"வெளிய விடுற மூச்சை நீளமா விடுங்க. இழுக்கறதைப் பத்திக் கவலைப்படாதீங்க. அது தானா வரும்" என்றார். விட்டேன். முதல் தடவை விட்டது இருமலாக முடிந்தது. கடைக்காரர் ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு, நாங்கள் பேசுவது புரியாமலே எல்லாவற்றுக்கும் "ஹவ், ஹவ்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். பேருந்துகள் வந்து நின்று போயின. எனக்கு நினைவிருக்கிறது, மூன்றாவதாக வந்தது காலியான பள்ளிப் பேருந்து. அது போகும்போது, கழுத்தில் அடித்துக்கொண்டிருந்தது நெஞ்சுக்கு இறங்கியிருந்தது. இடது கை விரல்களில் எறும்பு ஊர்வதுபோல உணர்வு திரும்பியது. மணி நாலு முப்பத்தொன்று.

சிகரெட் விரல்களுக்கு நடுவில் வியர்வையில் நனைந்து வளைந்திருந்தது. கடைக்காரரிடம் நீட்டினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, இதை இனி ஓசியில் கொடுத்தாலும் யாரும் வாங்கமாட்டார்கள் என்கிற பொருளில் உருதுவில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் சிரித்தபடி வாங்கித் தன் சிகரெட் பாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார்.

நான் கிளம்பப் பார்த்தேன். அவர் விடவில்லை. "இதுவும் எனக்கு வர்றதுதான்னு தோணுது. ஆனா நான் டாக்டர் இல்லைண்ணே. கை மரத்துச்சுன்னா ஒரு தடவையாவது பார்த்துறணும்." எதிர்ப்புறம் இருந்த சிறிய மருத்துவமனைக்குக் கூடவே வந்தார்.

அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் என் பேனா நின்றது. உள்ளூர் எண் வேண்டும் என்றார் வரவேற்பில் இருந்தவர். கைப்பேசியை எடுத்து மேலிருந்து கீழே வந்தேன். கேஸ் ஏஜென்சி, வீட்டு உரிமையாளர், தண்ணீர் கேன், அலுவலகத்தில் மூன்று பேர். அந்த மூன்று பேருக்கும் எனக்கு ஒரு மகள் இருப்பது தெரியாது. எட்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். அந்தப் பெண் படிவத்தை என் கையிலிருந்து எடுத்து, தன் எண்ணை எழுதி, உறவு என்ற இடத்தில் ஃப்ரெண்ட் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. ரத்தம் எடுத்து, முடிவு வரும்வரை படுக்க வைத்தார்கள். கண்ணாடிக் கதவு வழியாக அவர் தெரிந்தார். ஐந்து பத்துக்கு ஒரு தடவை, ஐந்து ஐம்பதுக்கு ஒரு தடவை வெளியே போய்விட்டு வந்தார். எதற்கு என்று எனக்குத் தெரியும்.

ரத்தமும் சரி என்று வந்த பிறகு, இளம் வயது மருத்துவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தெலுங்கர். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தவர், கடைசியில் "இன்று எத்தனை டீ?" என்றார். எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. அவர் பேனாவை மூடிவிட்டார்.

அவர் சொன்னது இதுதான். சிகரெட் பிடிக்கிறவரின் உடம்பு காபி, டீயின் வேகத்தைச் சீக்கிரம் கழித்துவிடும். நிறுத்திவிட்டால் அந்த வேலை மெதுவாகிவிடும். அதே டீ அதிக நேரம் உள்ளே நிற்கும், படபடப்பைக் கொடுக்கும். நிறுத்தியவருக்கு ஏற்கனவே பதற்றம் இருக்கும். அதன் மேல் நான் தினமும் பதினொரு டம்ளர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "பயப்படச் சொல்லி இதயத்துக்கு நீங்களே உத்தரவு போட்டிருக்கிறீர்கள்" என்றார். டீயை இரண்டாகக் குறைக்கச் சொன்னார். சிகரெட்டுக்குப் பதில் மெல்லும் நிக்கோட்டின் கம் எழுதினார். பதற்றத்துக்கென்று தனியாக ஒரு ஆலோசகரைப் பார்க்கச் சொல்லி அந்த முகவரியையும் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "டீயா!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். "டீயை வச்சுத்தான் இந்த ஆட்டமா!" எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஒரு பெண்ணின் இரண்டு மணி நேரத்தைப் பதினொரு டீக்காக வாங்கியிருக்கிறேன். சீக்கிரம் அங்கிருந்து போய்விட வேண்டும் என்று இருந்தது. வந்த ஆட்டோவை நிறுத்தினேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஒம்பது நாள் எப்படிண்ணே இருந்தீங்க?"

"இருந்தேன். அவ்வளவுதான்" என்றேன்.

"நான் ஒம்பது மணி நேரம் இருந்ததில்லை." எதிர்ப்புறக் கடையைக் கைகாட்டினார். "திங்கக்கிழமை நானும் நிறுத்திப் பார்க்கறேன். நாலே காலுக்கு எனக்கு பிரேக். அந்தக் கடைக்கிட்டதான் வருவேன். நீங்களும் அந்த வழியாத்தானே போவீங்க? இறங்குங்க. பத்து நிமிசம் வாங்காம நிப்போம். ரெண்டு பேரா நின்னா நின்னுரலாம்னு தோணுது."

"கண்டிப்பா" என்றேன்.

"நம்பர் வேணாமாண்ணே?"

"தினமும் இந்த வழிதானே" என்று சொல்லி ஆட்டோவில் ஏறிவிட்டேன். வீட்டுக்குள் நுழையும்போது போன் அடித்தது. மணி ஏழு. எத்தனை நாள் என்றாள் மகள். ஒன்பது என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை பேருந்தில் ஏறினேன். போவதாகத்தான் இருந்தேன். கார்க்கானாவுக்கு இரண்டு நிறுத்தம் முன்பே உள்ளங்கை வியர்த்தது. அந்தத் தகரக் கடையும் ஸ்டூலும் நினைவுக்கு வந்தன. மறுபடி அங்கேயே வந்துவிட்டால்? வந்து, இந்த முறை பற்றவைத்துவிட்டால்? இறங்கி, ஆட்டோ பிடித்து, சுற்று வழியாக வீட்டுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமையிலிருந்து பேருந்திலேயே ஏறவில்லை. லிஃப்டில் ஏறாத ஒருவரைப் பார்த்து மனதுக்குள் பரிதாபப்பட்டவன், ஒரு சாலையையே விட்டுவிட்டேன்.

ஆலோசகரிடம் இதைச் சொன்னபோது, போகாமல் இருக்க இருக்க அந்த இடம் பெரிதாகிக்கொண்டே போகும் என்றார். சின்னச் சின்னதாகப் பழகச் சொன்னார். டீயைக் குறைத்ததும் படபடப்பு பாதியாகியிருந்தது. அதன் பிறகு இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் தானாக இறங்கியது. சிகரெட்டைத் தொடவில்லை. மகளிடம் சொல்லும் எண் ஏறிக்கொண்டே போனது. ஆனால் அந்தச் சாலைக்கு மட்டும் போகவில்லை. முதலில் பயம் தடுத்தது. பிறகு, இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு போய் நிற்பது என்பது தடுத்தது.

இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். அன்று உதவி பெற்றவன் நான் என்று மட்டும்தான் எனக்குப் புரிந்தது. ஆட்டோ நின்ற இடத்தில், அதே அளவு உதவியை அவர் என்னிடம் கேட்டார். பத்து நிமிடம் பக்கத்தில் நிற்கச் சொன்னார். கேட்டது காதில் விழுந்தது. கேட்கிறார் என்பது விழவில்லை. தனியாக இருந்து பழகியவனுக்கு, தன்னாலும் ஒருவருக்கு ஆக வேண்டியது இருக்கும் என்ற எண்ணமே வருவதில்லை.

ஏப்ரலில் அவர்கள் வந்தார்கள். மகள் வாசலில் செருப்பைக் கழற்றியதும் நேராகப் போய்த் திரைச்சீலையை முகர்ந்து பார்த்தாள். பிறகு பையை உள்ளே கொண்டு போனாள். லீவு முழுக்க இருந்தார்கள்.

மூன்றாவது வாரம் மூவரும் செகந்திராபாத் கடைத்தெருவுக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பினோம். மகள் ஜன்னலோரம், நான் அவள் பக்கத்தில். கார்க்கானா வந்தது. உள்ளங்கை வியர்த்தது. "இறங்குவோம், ஒரு சின்ன வேலை" என்றேன். மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

மணி நாலு ஐம்பது. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தினார். "அரே ஸாப், ஜிந்தா ஹை க்யா!" என்றார். உயிரோடுதான் இருக்கிறீர்களா! மகள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். நான் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன்.

அவருக்கு நன்றாக நினைவிருந்தது. எதுவும் வாங்காமல் கடை முன்னால் நின்றவரை எப்படி மறப்பது என்றார். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து வாரம் முழுக்க வந்தாராம். மரத்தடியில் நிற்காமல் நிறுத்தத்தில் நின்றாராம். திருமுல்கேரி பேருந்து ஒவ்வொன்றும் நின்று கிளம்பும்வரை படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம். நான் வந்தேனா என்று இவரிடம் ஒரு தடவை கேட்டாராம்.

"பிறகு?" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார் என்றார்.